தோலில் பட்டால்

கோயம்புத்தூரிலிருந்து டாக்டர் பியூலா கூப்பிட்டபோது காலை பத்து மணி இருக்கும். ஷமீமா அன்றைக்கு அனுப்ப வேண்டிய புட்டிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், உங்க மருந்து வேலை செய்யல" என்றார் டாக்டர், வணக்கம்கூடச் சொல்லாமல்.

"எந்த மருந்துங்க டாக்டர்?"

"உங்ககிட்ட இருந்து எங்களுக்கு வர்றது ஒண்ணே ஒண்ணுதானே. நெலுமைசின். முந்தாநாள் ஒரு குழந்தைக்கு ஊசி போட்டேன். இந்நேரம் கட்டி பாதியாவது கரைஞ்சிருக்கணும். இன்னிக்கு ஸ்கேன்ல பாத்தா ஒரு நூல்கூடக் குறையல. வளந்திருக்கு."

ஷமீமா அந்த ஆலையில் சேர்ந்து இருபத்திரண்டு வருடம். மருந்தின் தரத்துக்கும், அதைத் தொடுகிறவர்களின் பாதுகாப்புக்கும் அவள்தான் பொறுப்பு. இப்படியொரு போன் அவளுக்கு வந்ததே இல்லை.

பெருந்துறைக்கு வெளியே, மஞ்சள் காடுகளைத் தாண்டி இருந்தது ஆலை. நெலுமைசின் ஒரு பழைய ஆன்டிபயாடிக். எப்போதோ ஒரு பிடி மண்ணிலிருந்து பிரித்தெடுத்தது. கிருமிகள் சீக்கிரமே பழகிக்கொண்டதால் காய்ச்சலுக்கும் புண்ணுக்கும் அது பயன்படவில்லை. ஆய்வுக்கூடத்து அலமாரிகளில் யாரும் கவனிக்காமல் கிடந்தது. பிறகு ஈரல் நடவு வந்தது.

ஈரல் கெட்டுப் பிறக்கும் குழந்தைகளுக்கு, ஆய்வுக்கூடத்தில் வளர்த்த ஈரல் செல்களை நாற்றுப் போல உள்ளே வைத்துவிடுவார்கள். மூன்று மாதத்தில் அவை வேர் பிடித்துப் புது ஈரலாகிவிடும். டாக்டர்கள் அதற்கு வைத்திருந்த பெயர் ஒரு முழம் நீளம். ஜனங்கள் நடவு என்றார்கள். அந்தக் குழந்தைகளை நடவுப் பிள்ளைகள் என்றார்கள். ஓர் ஆபத்து மட்டும் இருந்தது. நூற்றில் நாலைந்து பேருக்கு நட்ட செல்கள் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் வளர்ந்துகொண்டே போகும். அதற்காகவே ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு விசை வைத்திருந்தார்கள். நெலுமைசின் பட்டால் விசை அழுந்தி அந்த செல் செத்துவிடும். குழந்தையின் சொந்த உடம்புக்கு ஒன்றும் ஆகாது. கெட்டதை அழித்துவிட்டு மறுபடி நடலாம்.

"புட்டி நம்பரைச் சொல்லுங்க டாக்டர். அதே பேட்ச்ல எடுத்து வெச்ச புட்டி இங்க இருக்கு, சோதிச்சுப் பாத்துடறேன். குழந்தை பேரு?"

"அதிரா. பதினொரு மாசம். அம்மா உங்க ஆலையிலதான் வேலை செய்றாங்க போலிருக்கே."

ஷமீமா எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. சுபிக்ஷாவின் குழந்தை.

நடவுப் பிள்ளைகளின் அம்மாக்களை வேலைக்கு எடுப்பது ஆலையில் ஒரு வழக்கமாகவே ஆகியிருந்தது. ஆலைக்குள்ளேயே குழந்தைகள் காப்பகம் இருந்தது. பால் கொடுக்க நேரம் விட்டார்கள். தன் பிள்ளையைக் காப்பாற்ற உதவும் மருந்து தன் கையால் புட்டிக்குள் போகிறது என்பதில் அந்தப் பெண்களுக்கு ஒரு பெருமை. சுபிக்ஷா வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. மூன்றாம் அறையில் வேலை. எந்தப் பரிசோதனையாக இருந்தாலும் முடிவுத் தாளைக் கேட்டு வாங்கி, வரிக்கு வரி விரலை வைத்துப் படிப்பாள். ஒரு நாள் சுழியம் ஒன்று கூடுதலாக விழுந்திருந்ததை அவள்தான் கண்டுபிடித்துக் கொண்டுவந்தாள்.

ஷமீமா இருட்டறைக்குப் போய்ப் பழுப்புப் புட்டியைத் திறந்தாள். வெளிச்சம் பட்டால் நெலுமைசின் நிறம் வெளுத்துச் செத்துப்போகும். உறைகுளிரில்தான் அதை வைக்க வேண்டும். உள்ளே பொடி நல்ல மஞ்சளாக இருந்தது. விசை உள்ள செல்கள் பரப்பிய தட்டில் ஒரு சொட்டு விட்டாள். மறுநாள் காலை வந்து பார்த்தபோது தட்டு முழுக்கச் செத்துக் கிடந்தது.

மருந்தில் குறை இல்லை.

டாக்டர் பியூலா குழந்தையின் ஈரலிலிருந்து எடுத்த துணுக்கைப் பனிப்பெட்டியில் வைத்து அனுப்பிவைத்தார். ஷமீமா அதிலும் அதே மருந்தை விட்டாள். ஒரு நாள் போயிற்று. இன்னொரு நாளும் போயிற்று. செல்கள் ஒன்றும் நடக்காதது போல வளர்ந்துகொண்டிருந்தன. பத்து மடங்கு விட்டாள். அப்போதும் வளர்ந்தன.

"நான் நெனச்சேன்" என்றார் டாக்டர் போனில். குரலில் களைப்பு. "எங்கப்பா மஞ்சக் காட்டுக்குக் களைக்கொல்லி அடிப்பாரு மேடம். ஒரேயடியா அடிச்சா களை போயிரும். தண்ணியக் கலந்து கலந்து, வாரா வாரம் கொஞ்சமா அடிச்சீங்கன்னா? சாகுறது செத்துரும், சாகாத ஒண்ணு ரெண்டு நிக்கும். அது வெதை விட்டுக் காடு முழுக்க அதுவா ஆயிரும். அப்புறம் டின்னோட கவுத்தாலும் ஒண்ணும் ஆகாது."

"அப்ப இந்த செல்லு…"

"உங்க மருந்தை ஏற்கெனவே பாத்திருக்கு. ஒரு தடவை இல்ல, மாசக்கணக்கா. துளித்துளியா."

"நீங்க போட்டதுதானே மொத ஊசி?"

"அதத்தான் மேடம் நானும் உங்ககிட்டக் கேக்குறேன்."

சனிக்கிழமை ஷமீமா கோயம்புத்தூர் போனாள். மூன்றாவது மாடி அறையில் சுபிக்ஷா ஜன்னலோரமாகத் திரும்பி உட்கார்ந்து, மார்பிலிருந்து பாலைப் பீய்ச்சி எவர்சில்வர் கிண்ணத்தில் விட்டுக்கொண்டிருந்தாள். கட்டிலில் குழந்தை மஞ்சளாக, வயிறு மட்டும் பெரிதாக, மூக்கில் குழாயுடன் படுத்திருந்தது. அம்மாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தது.

"வாங்க மேடம்" என்று சேலையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "பாலு குடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. ஈரலுக்குக் கொழுப்பு ஆகாதாமா. ஒம்போது நாளாச்சு. கட்டிக்குதுங்க, அதான் எடுத்து ஊத்தறேன். எடுக்காம உட்டா வத்திப்போயிருமாமா. பாப்பாவுக்கு நல்லானதும் வேணுமில்லீங்க?"

ஷமீமா தலையை ஆட்டினாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கேட்க வந்ததை மெல்லக் கேட்டாள். வேலை முடிந்து எப்படிக் கிளம்புவாள், உடுப்பை எங்கே மாற்றுவாள், குழந்தையை எப்போது தூக்குவாள்.

"எல்லாம் செவுத்துல ஒட்டியிருக்கற தாள்ல போட்ட மாதிரிதானுங்க. கையுறை, முகமூடி, கண்ணாடி. உடுப்ப அங்கயே கழட்டிப் போட்டுட்டுக் கைய மூணு தடவை சோப்புப் போட்டுக் கழுவிப்போட்டுத்தான் காப்பகத்துக்குள்ளயே போவேன். ஒரு நாளு மறந்ததில்லீங்க."

அப்போது அவள் கணவன் தரணிதரன் சாப்பாட்டுத் தூக்குப்போசியோடு வந்தான். பெருந்துறை பஸ் நிலையத்துக்கு எதிரே சின்ன மெஸ் வைத்திருக்கிறவன். மனைவியின் சாப்பாட்டை இன்றுவரை தன் கையால் செய்பவன். ஷமீமாவுக்கும் ஒரு தட்டு வைத்தான்.

"காரம் கம்மிங்க. பூண்டு போடலீங்க, இவளுக்குப் பூண்டுன்னாலே இப்ப ஆகறதில்ல."

"ஏன்?"

"பெத்தவளுக்குப் பாலு ஊறட்டும்னு ஆரம்பத்துல பூண்டுக் குழம்பு, பூண்டுப் பாலுன்னு வெச்சுத் தள்ளிட்டேனுங்க. வாயெல்லாம் பூண்டு நாத்தம், வேலை செய்யவே முடியலன்னு சண்டை. நாலு மாசத்துக்கு முன்னாடியே அடியோட நிறுத்திட்டேன்."

"நிறுத்தியும் போகலையே" என்றாள் சுபிக்ஷா. "வேலைக்கு வந்து அரை மணி நேரத்துல வாயில வந்துருங்க மேடம், பச்சப் பூண்டைக் கடிச்சாப்புல. ஞாயித்துக்கெழம இருக்காது. உடம்புக்குள்ள ஊறிப்போச்சோ என்னமோ."

ஷமீமா கையிலிருந்த சோற்று உருண்டையைத் தட்டில் வைத்தாள்.

மூன்றாம் அறையில்தான் மஞ்சள் பொடியைக் கரைப்பார்கள். அது தண்ணீரில் கரையாது. கொழுப்பில் ஒட்டிக்கொள்ளும் ஜாதி. அதைக் கரைக்க டிஎம்எஸ்ஓ என்று ஒரு திரவம் உண்டு. அதற்கு ஒரு வினோதமான குணம். கையில் ஒரு சொட்டுப் பட்டால் தோல் வழியாக ரத்தத்துக்குப் போய், சில நிமிடங்களில் வாயில் பூண்டு ருசியாக வந்து நிற்கும். தனியாகவும் போகாது. தன்னுள் எது கரைந்திருக்கிறதோ அதையும் கூட்டிக்கொண்டு போகும். மெல்லிய வெள்ளைக் கையுறைகள் பொடியைத் தடுக்கும். அந்தத் திரவத்தைத் தடுக்காது. ஷமீமா கல்லூரியிலேயே படித்தது இது.

அறைச் சுவர்களில் ஒட்டியிருந்த தமிழ்ப் பாதுகாப்புத் தாளை எழுதியவள் அவள்தான். பொடியைக் கையாளும் முதல் அறைக்காக எழுதினாள். "தோலில் பட்டால்: பாதிப்பு இல்லை. சோப்புப் போட்டுக் கழுவவும்." பொடிக்கு அது சரிதான். பிறகு மூன்றாம் அறை திறந்தபோது வேலை நெருக்கடியில் அதே தாளை நகலெடுத்து அங்கேயும் ஒட்டச் சொல்லிவிட்டாள்.

"சுபிக்ஷா, காப்பகத்து ஃப்ரீசர்ல உங்க பால் பாக்கெட் இருக்கில்ல? சோதனைக்குக் கொஞ்சம் எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்குங்க மேடம். பாப்பாவுக்கு எதாவது பிரயோஜனப்படுமுங்களா?"

ஷமீமா டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று எழுந்துவிட்டாள்.

ஃப்ரீசரில் பதினான்கு பாக்கெட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் தேதி, நேரம், 'அதிரா பாப்பா' என்று உருண்டையான கையெழுத்து. பதினான்கிலும் நெலுமைசின் இருந்தது. துளியிலும் துளி. பெரியவர்களுக்கோ சாதாரணக் குழந்தைக்கோ அது ஒன்றுமே செய்யாது. விசை வைத்த செல்லுக்கு மட்டும், தினம் ஆறு வேளை, சாகவும் விடாமல் மறக்கவும் விடாமல் தட்டிக்கொண்டே இருக்கப் போதுமான அளவு.

ஆலையின் தலைவர் பிரகாசம் கெட்ட மனிதர் அல்ல. முடிவுத் தாளை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"மூணாம் அறைக்குக் கனத்த கையுறை இன்னிக்கே வரவழைச்சிருவோம். செவுத்துத் தாளையும் மாத்திருவோம். ஆனா அறிக்கையில காரணம் தெரியலன்னு எழுதுங்க மேடம்."

"சார், தெரியுமே."

"தெரியும். வெளிய சொன்னா என்ன ஆகும்னும் தெரியும். நாட்டுல எத்தன நடவுப் பிள்ளைங்க? நாளைக்கு ஒரு தாய் தகப்பன் நடவுக்கு ஒத்துக்குவாங்களா? அத்தன பிள்ளையும் சாகட்டும்கறீங்களா? அத விடுங்க. அந்தப் பொண்ணுகிட்டப் போயி, உன் பாலுதான்மா காரணம்னு உங்க வாயால சொல்லீருவீங்களா?"

ஷமீமா வெளியே வந்தாள்.

இரண்டு நாள் அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதுதான் கருணை என்று ஒரு மணி நேரம் தோன்றும். அடுத்த மணி நேரம், தன் தப்பை மூடுவதற்கு அந்தப் பெண்ணின் துக்கத்தைப் போர்வையாக எடுத்துக்கொள்கிறோம் என்று தோன்றும். வீட்டில் தொழுகைக்கு உட்கார்ந்தவள் அப்படியே எழுந்திருக்காமல் இருந்தாள்.

மூன்றாம் நாள் மதியம் காப்பகத்தைக் கடந்துபோனபோது கனிஷ்காவைப் பார்த்தாள். அவளும் மூன்றாம் அறைதான். அவள் பையனுக்கும் நடவு ஈரல். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பையனை மடியில் போட்டுக்கொண்டு, முந்தானையை விலக்கிக்கொண்டிருந்தாள். பையன் பசியில் கால்களை உதைத்தான்.

"குடுக்காத!"

தன் குரல் அவ்வளவு பெரிதாக வரும் என்று ஷமீமாவுக்கே தெரியாது. காப்பகத்தில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகளெல்லாம் எழுந்து அழத் தொடங்கின. கனிஷ்கா பையனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மிரண்டு பார்த்தாள்.

"ஏனுங்க மேடம்? என்னாச்சுங்க?"

அப்புறம் மூடி மறைக்க எதுவும் இல்லை. அன்று மாலைக்குள் ஷமீமா தன் பொறுப்பிலேயே மூன்றாம் அறையைப் பூட்டினாள். வீட்டில் நடவுப் பிள்ளை வைத்திருக்கும் பதினொரு பெண்களையும் ஓரிடத்தில் உட்காரவைத்துச் சொன்னாள். அறிக்கையில் காரணத்தை எழுதினாள். அந்தப் பாதுகாப்புத் தாளை எழுதியதும் மூன்றாம் அறையில் ஒட்டச் சொன்னதும் நான்தான் என்று அதே அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிரகாசம் தடுக்கவில்லை.

இந்தச் செய்தி வேறு வாய் வழியாகப் போய்ச் சேருவதற்குள் தானே போய்விட வேண்டும் என்று மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கோயம்புத்தூர் கிளம்பினாள்.

தரணிதரன் குழந்தைக்கு விசிறிக்கொண்டிருந்தான். ஏசி இருந்தும் விசிறினான். சுபிக்ஷா தரையில் உட்கார்ந்திருந்தாள். ஷமீமாவும் தரையில் உட்கார்ந்தாள்.

வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் உதவவில்லை. திரவத்தைப் பற்றிச் சொன்னாள். கையுறையைப் பற்றிச் சொன்னாள். பூண்டு ருசியைப் பற்றிச் சொன்னபோது சுபிக்ஷாவின் கை தானாக வாய்க்குப் போயிற்று. அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூன்றாம் அறையில் வேலை செய்கிறவள். மிச்சத்தை அவளே போட்டுக் கூட்டிவிட்டாள்.

"தாளக் குடுங்க மேடம்."

பதினான்கு பாக்கெட்டுகளின் முடிவு இருந்த தாளை ஷமீமா நீட்டினாள். சுபிக்ஷா வழக்கம்போல விரலை வைத்து, மேலிருந்து கீழே, ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ஏழாவது வரியில் விரல் நின்றது.

"இது அமாவாசை வாரம். பாப்பாவுக்குச் சளின்னு நாலு நாளு லீவு போட்டுட்டு வந்த அன்னிக்கு எடுத்தது. இதுல பாதிதான் இருக்குது." நிமிர்ந்து பார்த்தாள். "நான் ஊட்டுல இருந்தா கம்மியாயிருக்குது."

"ஆமா."

"மூணு தடவை கழுவுனேனுங்க மேடம்."

"தெரியும்மா."

"மூணு தடவைங்க. நகத்துக்குள்ள எல்லாம் பிரஷ் போட்டுக் கழுவுவேன். கனிஷ்கா சிரிப்பா. பாப்பாகிட்டப் போறமில்ல, சுத்தமா இருக்கோணும்னு சொல்லுவேன்…"

"உங்க மேல தப்பே இல்ல. தாள்ல அப்படிப் போட்டிருந்துச்சு. அத எழுதுனது நான்தான் சுபிக்ஷா. அங்க ஒட்டச் சொன்னதும் நான்தான்."

தரணிதரன் விசிறியை நிறுத்தினான். "உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்றான். கத்தவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவன் போலக் கேட்டான். "நாங்க படிக்காதவங்க. நீங்க படிச்சிருக்கீங்க. அந்தத் தண்ணி தோலுக்குள்ள போகுமின்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"தெரியும்" என்றாள் ஷமீமா. "தெரிஞ்சும் யோசிக்கல."

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள்கள் குலுங்கின. சுபிக்ஷா அழவில்லை. எழுந்து போய் ஜன்னலோரம் மூடி வைத்திருந்த கிண்ணத்தை எடுத்தாள். காலையில் பீய்ச்சிய பால். குளியலறைத் தொட்டியில் அதைக் கவிழ்த்துக் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் வெகு நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. ஷமீமா போய்க் குழாயை மூடியபோது அவள் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, விரித்து வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்து நின்றாள்.

அதன்பின் ஆலையில் நிறைய மாறியது. பதினொரு குழந்தைகளையும் சோதித்தார்கள். கனிஷ்காவின் பையனுக்கும் இன்னொரு பெண் குழந்தைக்கும் செல்கள் பழகத் தொடங்கியிருந்தன, ஆனால் முற்றவில்லை. முழு ஊசியைப் போட்டு அழித்து, மறுபடி நட்டார்கள். இரண்டும் பிழைத்துக்கொண்டன. மற்ற ஊர்களிலும் மருந்து கரைக்கும் அறைகளைச் சோதித்தார்கள். பிரகாசம் பயந்தபடி நடவை யாரும் நிறுத்திவிடவில்லை. சில மாதம் தயங்கினார்கள், பிறகு வந்தார்கள். பெற்றவர்களுக்கு வேறு வழி இல்லையே.

அதிராவுக்கு ஒன்றும் பலிக்கவில்லை. டாக்டர் பியூலா வேறு இரண்டு மருந்துகளை முயன்றார். வளர்ந்ததை வெட்டி எடுக்கவும் பார்த்தார். அது சுற்றியிருந்த எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருந்தது. திறந்த வயிற்றைத் தைத்துவிட்டு வெளியே வந்தவர், ஷமீமாவிடம் நேராகச் சொன்னார்: "ஒரு வாரம். மிஞ்சினா பத்து நாள். இனி வலி இல்லாமப் பாத்துக்கறதுதான்." குழந்தையின் மூக்கிலிருந்த குழாயை எடுத்துவிட்டார்கள்.

அன்று சுபிக்ஷா ஷமீமாவை வராந்தாவுக்கு வரச் சொன்னாள். பல நாளாக அவள் ஷமீமாவிடம் பேசியிருக்கவில்லை. வரவேண்டாம் என்றும் சொன்னதில்லை.

"மேடம், எனக்கு இன்னம் பாலு வத்தலீங்க. ஊத்திப்போட்டு உட்டுரலாம்னுதான் பாத்தேன். முடியல. எடுத்துட்டேதான் இருந்தேன். பாப்பா மூஞ்சிய என் மாருல வெச்சு முட்டுதுங்க. புட்டியக் குடுத்தாத் துப்பீருது. டாக்டரம்மா, இனி எது வேணா குடுக்கலாம்னுட்டாங்க. ஆனா நான் குடுக்க மாட்டேன். அது இன்னம் எம்பட உடம்புல இருந்துச்சுன்னா ஒரு சொட்டுக் குடுக்க மாட்டேன். வேலைய உட்டு முப்பது நாளாச்சு. சுத்தமாயிருக்குமுங்களா? பாத்துச் சொல்லுவீங்களா?"

சின்னப் புட்டி ஒன்றில் பால் வைத்திருந்தாள். இன்னும் சூடாக இருந்தது.

ஷமீமா அதை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள். ஆய்வுக்கூடத்தில் தானே கருவியை ஓடவிட்டாள். பக்கத்தில் யாரையும் இருக்கவிடவில்லை. வாழ்க்கையில் ஒரு சோதனை முடிவு இப்படித்தான் வரவேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டதே இல்லை. அன்று வேண்டிக்கொண்டாள்.

திரையில் கோடு ஏறியது. பழைய அளவில் எட்டில் ஒரு பங்கு. ஆனாலும் இருந்தது. கொழுப்பில் ஒட்டும் பொருள். தாயின் உடம்பில் சேர்ந்துகொண்டு, பால் ஊறும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துகொண்டிருந்தது. இன்னும் மாதக்கணக்கில் வரும்.

அந்த அளவு இனி அதிராவுக்கு எதுவும் செய்யாது. நல்லதும் செய்யாது, கெட்டதும் செய்யாது. பத்து மடங்கு விட்டபோதும் அசையாத செல்கள் அவை. அதைச் சுபிக்ஷாவிடம் சொல்லிப் புரியவைத்துவிடலாம். புரியும். ஆனால் புரிந்த பிறகு அவள் குழந்தையை மார்பில் வைப்பாளா? ஷமீமா வெகு நேரம் யோசித்தாள். பிறகு முடிவை அச்செடுக்காமல் கருவியை நிறுத்தினாள்.

திரும்பிப் போனபோது சாயங்காலம். சுபிக்ஷா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னலருகே நடந்துகொண்டிருந்தாள். தரணிதரன் எழுந்து நின்றான்.

"சுத்தமா இருக்கும்மா" என்றாள் ஷமீமா. "ஒண்ணும் இல்ல. குடுங்க."

சுபிக்ஷா அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு வெறும் கைகளைப் பார்த்தாள். அந்தக் கைகளில் தாள் இல்லை என்பதை அவள் கவனித்தாள்; ஷமீமாவுக்கு அது தெரிந்தது. கேட்பாள் என்று நின்றாள். 

சுபிக்ஷா கேட்கவில்லை.

"சரீங்க மேடம்" என்றாள். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, குழந்தையை மெல்ல இறக்கி மடியில் கிடத்திக்கொண்டாள். குழந்தைக்குத் தலையைத் திருப்பக்கூடத் தெம்பில்லை. அவள்தான் கையால் தாங்கித் திருப்பினாள். முதலில் வெறுமனே உதடு பட்டுக்கொண்டிருந்தது. பிறகு தொண்டை அசைந்தது. தரணிதரன் திரைச்சீலையை இழுத்துவிட்டுவிட்டு வெளியே வந்து, வராந்தாவில் ஷமீமாவுக்குப் பக்கத்தில் நின்றான். உள்ளேயிருந்து மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் கேட்டது. இருவரும் அசையாமல் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அதிரா அதற்குப் பிறகு ஆறு நாள் இருந்தாள். ஆறு நாளும் பால் குடித்தாள்.

மூன்று மாதம் கழித்து விசாரணைக்குழு ஆலைக்கு வந்தது. ஷமீமாவின் இருபத்திரண்டு வருடப் பதிவேடுகளையும் மேஜைமேல் அடுக்கிப் பார்த்தார்கள். மூன்றாம் அறைத் தாளைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் அவள் மறைக்காமல் பதில் சொன்னாள். கடைசியில் ஒருவர் ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்.

"இந்தத் தேதியில கருவி ஓடியிருக்கு மேடம். என்ன சோதிச்சீங்க, என்ன வந்துச்சுன்னு எதுவுமே எழுதல. உங்க ஏட்டுல இப்படி ஒரு கட்டம்கூடக் காலியா நாங்க பாக்கல."

"எழுத விட்டுப்போச்சுங்க" என்றாள் ஷமீமா.

"இப்பவாவது நிரப்பிடறீங்களா?"

"இல்லீங்க. என் தப்புன்னே போட்டுக்குங்க."

அவர் அப்படியே குறித்துக்கொண்டார். காட்டிய இடத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள்.